அரூஷா தீர்ப்புகளில் பாதிப் பக்கம் ஆட்சேபங்களுக்கே போவது ஏன்?

கேள்வி: நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதப்) போட்டிக்காக, தான்சானியாவின் அரூஷா நகரில் உள்ள ஆப்பிரிக்க மனித உரிமைகள் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதை எடுத்தாலும், குறிப்பாகத் தான்சானியா எதிர்மனுதாரராக உள்ள வழக்குகளில், பாதிப் பக்கம் 'இந்த மனுவை ஏற்கக் கூடாது' என்ற அரசின் ஆட்சேபங்களுக்கும் அதற்கான பதிலுக்குமே போய்விடுகிறது. உள்நாட்டில் எல்லா நீதிமன்றத்துக்கும் போகவில்லை, தாமதமாக வந்தார் என்று ஒரே பல்லவி. முப்பது வருடம் தண்டனை பெற்று உள்ளே இருப்பவரிடம் இதையெல்லாம் கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. இது இழுத்தடிப்பு இல்லையா? எங்கள் அணி மனுதாரர் தரப்பு. இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிட்டு உரிமை மீறலுக்கு நேராகப் போகலாம் என்று நினைக்கிறோம். சரியா?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்:

கோபம் நியாயம்தான். யோசனை சரியில்லை. அந்தப் பக்கங்களை அவசரமாகத் தாண்டினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். உரிமை மீறலைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய்ப்பே வராது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உங்களைத் திசைதிருப்பியிருக்கலாம். இங்கே எந்த எதிருரையை எடுத்தாலும் 'இவ்வழக்கு சட்டப்படியும் சங்கதிப்படியும் நிலைக்கத்தக்கதல்ல' என்றுதான் ஆரம்பிக்கும். யாரும் அதை நின்று படிப்பதில்லை. அரூஷாவில் அது சம்பிரதாய வரி கிடையாது. இந்த நீதிமன்றத்தின் அடிப்படையான ஆப்பிரிக்க மனித உரிமைகள் சாசனத்தின் 56-வது பிரிவில் ஏழு நிபந்தனைகள் இருக்கின்றன. அரசு ஆட்சேபம் எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும், ஒவ்வொன்றும் நிறைவேறியிருக்கிறதா என்று நீதிமன்றமே பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. எதிர்த்தரப்பு வாயே திறக்காத வழக்கில்கூட நீங்கள் ஏழுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். தீர்ப்பில் அத்தனை பக்கம் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, மனு ஏற்கத்தக்கதா என்பது வேறு கேள்வி. 2009 டிசம்பரில் வந்த அந்த நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே அதிகாரமில்லை என்று கையை விரித்த தீர்ப்பு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த சாட் நாட்டவர் ஒருவர் செனகல் மேல் போட்ட வழக்கு அது. தனிநபர்கள் நேரடியாக வழக்குப் போட வேண்டுமென்றால், அந்த அரசு அதற்குத் தனியாகச் சம்மதப் பிரகடனம் கொடுத்திருக்க வேண்டும். செனகல் கொடுக்கவில்லை, விஷயம் முடிந்தது. தான்சானியா 2010-இல் பிரகடனம் கொடுத்தது, 2019 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது நடைமுறைக்கு வர ஒரு வருடம் ஆகும் என்றும், நிலுவையிலுள்ள வழக்குகளை அது தொடாது என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் போட்டிச் சிக்கலில் (வாதாடக் கொடுக்கப்பட்ட கற்பனை வழக்கில்) மனு தாக்கலான தேதி 2020 நவம்பர் 22-க்கு முன்னா பின்னா என்பதை முதலில் பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உள்நாட்டுப் பரிகாரங்களை, அதாவது சொந்த நாட்டு நீதிமன்றங்களில் நிவாரணம் கேட்கும் வழிகளை, முடித்துவிட்டு வா என்ற நிபந்தனை ஏன் இருக்கிறது? ஒரு நாட்டைச் சர்வதேச மன்றத்தில் நிறுத்துவதற்கு முன்னால், தவறைத் தானே சரிசெய்துகொள்ள அந்த நாட்டுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். இதில் எனக்கு மனப்பூர்வமான உடன்பாடு உண்டு. ஒரு கைதிக்கு அவர் ஊரிலேயே நீதி கிடைப்பது, பல வருடம் கழித்து அரூஷாவிலிருந்து ஒரு தீர்ப்பு வருவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இந்த நிபந்தனைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. 'எங்கள் நாட்டில் பரிகாரம் இருந்தது, இவர் போகவில்லை' என்று ஓர் அரசு சொல்லும்போது, தன் நீதி அமைப்பைப் பற்றி அது எழுத்தில் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறது. அந்த வாக்குமூலத்தை நிரூபிக்கும் பொறுப்பும் அதனுடையதே. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

இதைத் தெளிவாகச் சொன்னது அமெரிக்க நாடுகளின் மனித உரிமைகள் நீதிமன்றம். 1981 செப்டம்பரில் ஹோண்டுராஸில் பிடித்துச் செல்லப்பட்ட மான்ஃப்ரெடோ வெலாஸ்கெஸ் என்ற மாணவர் திரும்பி வரவேயில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, உள்நாட்டுப் பரிகாரங்கள் முடியவில்லை என்று அரசு ஆட்சேபம் போட்டது. 1987 ஜூனில் தொடக்கநிலை ஆட்சேபங்கள் மீது வந்த தீர்ப்பு, இந்த ஒன்றைத் தள்ளவுமில்லை, ஏற்கவுமில்லை. முக்கிய விசாரணையோடு சேர்த்துவிட்டது. 1988 ஜூலை தீர்ப்பில் அதற்குப் பதில் வந்தது. ஆளைக் காணவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு போட வேண்டியதுதானே என்பது அரசின் வாதம். ஆனால் அந்த மனுவில் ஆள் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார், யார் உத்தரவில் என்று குறிப்பிட வேண்டியிருக்கலாம் என்பது அரசே கொடுத்த தகவல்களிலிருந்து தெரிந்தது. இரகசியமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடுகிற குடும்பத்துக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட பரிகாரம் சட்டப் புத்தகத்தில் இருந்தும் பயனில்லை என்று நீதிமன்றம் சொன்னது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டு வருடக்கணக்கில் தவணைக்கு நடந்த வடக்கு, கிழக்கு இலங்கைக் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தச் சிந்தனைதான் அரூஷாவிலும் வேலை செய்கிறது. நீங்கள் கட்டாயம் முழுதாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு அலெக்ஸ் தாமஸ் எதிர் தான்சானியா, 2015 நவம்பர் 20. ஆயுதமேந்திய கொள்ளை வழக்கில் முப்பது வருடத் தண்டனை பெற்றவர். விசாரணையின்போது உடல்நலமில்லாமல் இருந்தார், அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு முடிந்தது, அவருக்கு வழக்கறிஞரும் இல்லை. மேல்முறையீடு செய்து, நாட்டின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அதற்குப் பிறகும் தான்சானிய அரசு என்ன சொன்னது தெரியுமா? மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சீராய்வு (அது தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்ப்பது) பாக்கி இருக்கிறது; அடிப்படை உரிமைகள் அமலாக்கச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பு மனு போடவில்லை. இரண்டையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு சாதாரணக் குற்ற வழக்கு இயல்பாகப் போகும் பாதையில் கடைசிப் படி எதுவோ அதுவரை ஏறினால் போதும். சீராய்வும் அரசியலமைப்பு மனுவும் அந்த அமைப்பில் அசாதாரணப் பரிகாரங்கள், அவற்றை முடிக்க வேண்டிய கட்டாயமில்லை என்றது.

இதன் பிறகு வந்த தான்சானிய வழக்குகளில் அதே இரண்டு வாதங்களும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். நீதிமன்றமும் அதே பதிலைத் திரும்பச் சொல்கிறது. இது இழுத்தடிப்பா என்று கேட்டீர்களே, இந்த இடத்தில் ஆம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. தீர்ந்துபோன சட்டக் கேள்வியை ஒவ்வொரு கைதிக்கும் எதிராகப் புதிதாக எழுப்புவது ஓர் அரசுக்கு அழகல்ல. அதற்குப் பதில் எழுத வேண்டியவர், பல நேரம், சிறையில் வழக்கறிஞர் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்.

அடுத்து, இதே ஆட்சேபத்தின் இன்னொரு வடிவம்: 'இந்தக் குறிப்பிட்ட உரிமையை அவர் உள்நாட்டு நீதிமன்றத்தில் எழுப்பவே இல்லை.' உதாரணமாக, இலவசச் சட்ட உதவி கிடைக்கவில்லை என்று கீழே எங்குமே அவர் சொல்லியிருக்க மாட்டார். வழக்கறிஞர் இல்லாதவருக்கு, வழக்கறிஞர் இல்லை என்று வாதாடத் தெரியாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இதற்கு நீதிமன்றம் கண்டுபிடித்த வழி 'உரிமைகளின் தொகுதி' என்ற கருத்து. நியாயமான விசாரணைக்கான உரிமைகள் ஒன்றோடொன்று பின்னியவை. மேல்முறையீட்டில் தண்டனையையே எதிர்த்திருக்கிறார் என்றால், விசாரணை நியாயமாக நடந்ததா என்று பார்க்க உள்நாட்டு நீதிமன்றங்களுக்குப் போதிய வாய்ப்பு இருந்தது; ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் மனுதாரருக்கு இது பெரிய பலம். ஆனால் எல்லாவற்றையும் இதில் போட்டு அடைக்காதீர்கள். அந்தக் குற்ற வழக்கோடு ஒட்டாத புகார், சிறையில் நடந்த அடி உதை மாதிரியான ஒன்று, தனியாக எங்கேயாவது முறையிடப்பட்டதா என்ற கேள்வி வரும்.

எல்லாக் கைதிக்கும் கதவு திறந்துவிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அலெக்ஸ் தாமஸ் தீர்ப்புக்கு முன்னால், 2014 மார்ச்சில், பீட்டர் சாச்சா என்பவரின் மனு தள்ளுபடியானது. வழக்கறிஞர் இல்லாமல் தானே மனு மேல் மனுவாக உயர் நீதிமன்றத்தில் போட்டவர் அவர். நடைமுறைக் குறைகளால் அவை தள்ளப்பட்டன. மேலே கொண்டுபோகவில்லை என்ற காரணத்தால் பெரும்பான்மை நீதிபதிகள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார்கள். அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான். சட்டப் பிரிவைத் தப்பாகக் குறிப்பிட்டதற்காக ஒருவரைத் தள்ளுகிற அமைப்பில், 'பரிகாரம் இருந்தது' என்று அரசு சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது?

பரிகாரமே இல்லாத நிலையும் உண்டு. புர்கினா ஃபாசோவில் லோஹே இஸ்ஸா கொனாடே என்ற பத்திரிகை ஆசிரியர், அரசு வழக்குத் தொடுநர் ஒருவரைப் பற்றி எழுதியதற்காகச் சிறை சென்றார். அவருடைய புகார் அவதூறுச் சட்டத்தின் மேலேயே. அந்தச் சட்டத்தை ரத்து செய்யக் கோரித் தனிநபர் அரசியலமைப்பு மன்றத்துக்குப் போக அந்நாட்டில் வழியில்லை. இல்லாத கதவை ஏன் தட்டவில்லை என்று கேட்க முடியாது என்பதால் 2014 டிசம்பரில் மனு ஏற்கப்பட்டு, அவர் வென்றார். அதே நாட்டில் 1998 டிசம்பரில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் நோர்பெர் சோங்கோவின் குடும்பம் போட்ட வழக்கில், பரிகாரம் இருந்தது, ஆனால் அது இழுத்துக்கொண்டே போனது. விசாரணை 2006 வரை நடந்து, குற்றவாளி யார் என்று தெரியாமலே மூடப்பட்டது. மீறலே அந்தத் தாமதம்தான் என்பதால், ஆட்சேபத்தையும் வழக்கையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. 2013-இல் நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை முக்கிய விசாரணையோடு சேர்த்தது, 2014-இல் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது. ஆட்சேபப் பகுதியைச் 'சுருக்கமாக முடித்துவிட்டு' உரிமை மீறலுக்குப் போகலாம் என்கிறீர்களே, சோங்கோ மாதிரியான வழக்கில் ஆட்சேபத்துக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் உரிமை மீறலுக்கான சாட்சியமும்.

சரி, தாமதத்துக்கு வருவோம். என்னை உண்மையாகவே உறுத்துவது இந்த ஆட்சேபம்தான். உள்நாட்டுப் பரிகாரங்கள் முடிந்தபின் 'நியாயமான காலத்துக்குள்' வர வேண்டும் என்று மட்டும் சாசனம் சொல்கிறது, எண் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்கிறது. 2017-இல் கிறிஸ்டோபர் ஜோனாஸ் வழக்கில் 5 வருடம் 1 மாதம் நியாயமான காலம் என்றது: சிறையில் இருப்பவர், வசதியில்லாதவர், சட்ட உதவி கிடைக்காதவர். 2019 செப்டம்பரில் காட்ஃபிரெட் அந்தோணி, இஃபுந்தா கிசிடே என்ற இருவரின் வழக்கில் 5 வருடம் 4 மாதம் நியாயமில்லை என்று மனு தள்ளுபடியானது. இவர்களும் சிறையில் இருந்தவர்களே. இடையில் இருப்பது மூன்று மாத வித்தியாசம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சிறையில் இருப்பது தங்களை எப்படித் தடுத்தது என்பதை இந்த இருவரும் எடுத்துச் சொல்லவில்லை, ஆதாரமும் காட்டவில்லை. எழுத்தறிவின்மை, வறுமை என்று எதையும் முன்வைக்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பதே பலருக்கு உள்ளே இருக்கும்போது தெரியாது என்பதுதான் இதில் வருத்தம்.

ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் இந்தத் தடுமாற்றம் இல்லை. அங்கே உள்நாட்டு இறுதித் தீர்ப்பிலிருந்து முன்பு ஆறு மாதக் கெடு. 2022 பிப்ரவரி முதல் நான்கு மாதம்தான். இரக்கமில்லாத கெடு அது. சப்ரி குனேஷ் எதிர் துருக்கி வழக்கில் ஆறு மாதத்தின் கடைசி நாள் 2006 மே 28, ஞாயிற்றுக்கிழமை. மனு அனுப்பப்பட்டது மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிறு விடுமுறை என்பதால் நம் ஊரில் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிவிடுவோம். பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரவை 2012-இல் அதற்கு இடமில்லை, ஒரு நாள் தாமதம் தாமதமே என்று மனுவைத் தள்ளியது. கடுமைதான். ஆனால் வழக்கறிஞர் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளலாம். எந்தக் காலம் 'நியாயம்' என்று தெரியாமல் சிறைக்குள் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. ஆப்பிரிக்க நீதிமன்றம் நான்கு மாதம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது சிறைக் கைதிகளுக்குப் பேரிடியாகும். இத்தனை வருடம் வரை கைதிகளிடம் காரணமே கேட்க மாட்டோம் என்று ஒரு குறைந்தபட்ச வரம்பாவது வைத்தால் நல்லது.

மற்ற நிபந்தனைகளுக்கு ஓரிரு பத்தி போதும். மனுதாரர் யார் என்று தெரிய வேண்டும், மனு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டத்தோடும் சாசனத்தோடும் ஒத்துப்போக வேண்டும், அரசையோ ஆப்பிரிக்க ஒன்றியத்தையோ இழிவுபடுத்தும் மொழி இருக்கக் கூடாது, பத்திரிகைச் செய்தியை மட்டுமே நம்பி வழக்குப் போடக் கூடாது, வேறு சர்வதேச மன்றத்தில் ஏற்கெனவே தீர்ந்ததாக இருக்கக் கூடாது. மொழி விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை: போட்டியின் சூட்டில் 'கேலிக்கூத்தான நீதித்துறை' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். எதிர்த்தரப்புக்கு ஓர் ஆட்சேபத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்ததாகிவிடும். 'நீங்கள் எங்கள் நீதிமன்றங்களுக்கு மேல் இன்னொரு மேல்முறையீட்டு மன்றமா?' என்ற வாதமும் வரும். அது அதிகாரம் பற்றியது. மேல்முறையீட்டு அதிகாரம் தனக்கில்லை என்று நீதிமன்றமே 2013-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் உள்நாட்டு விசாரணை சாசனத்தின் தரத்துக்கு இருந்ததா என்று பார்ப்பதை அது தடுக்காது.

இனி உங்கள் மனுவை எழுதும் விதம். போட்டிச் சிக்கலில் உள்ள தேதிகளையெல்லாம் ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: கைது, தண்டனை, ஒவ்வொரு மேல்முறையீடு, இறுதித் தீர்ப்பு, அரூஷாவில் தாக்கல். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கும் தாக்கலுக்கும் இடையில் எவ்வளவு காலம் என்று கணக்கிட்டு, அதற்கான காரணத்தை அரசு கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது, சிக்கலின் எந்தப் பத்தியிலிருந்து வருகிறது என்று காட்டுங்கள். சிறையில் இருந்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் காட்ஃபிரெட் அந்தோணியின் கதிதான். சீராய்வு மனு ஒன்று நிலுவையில் இருந்தது என்று சிக்கலில் வந்தால் பயப்பட வேண்டாம். அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்ததே தாமதத்துக்கு நல்ல விளக்கமாகும். அரசு ஒரு பரிகாரத்தின் பெயரைச் சொன்னால், அது யாருக்காவது உண்மையில் கிடைத்திருக்கிறதா, இவர் நிலையில் இருந்தவருக்கு எட்டக்கூடியதா, புகாரைச் சரிசெய்யும் சக்தி அதற்கு உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். ஒரு தீர்ப்பையாவது காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத அரசு அந்த ஆட்சேபத்தில் பாதி தோற்றுவிட்டது.

ஆட்சேபங்களை இப்படித் தள்ளிக்கொண்டே போனால் அரசுகள் நீதிமன்றத்தை விட்டே வெளியேறிவிடாதா என்று நீதிபதி ஸ்தானத்தில் இருப்பவர் உங்களைக் கேட்கக்கூடும். ருவாண்டா 2016-இலும், தான்சானியா 2019-இலும், பெனினும் கோத் திவாரும் (ஐவரி கோஸ்ட்) 2020-இலும் பிரகடனத்தைத் திரும்பப் பெற்றது உண்மை. அதற்காக நீதிமன்றம் தன் கதவை ஒடுக்கிக்கொண்டால், கோபித்துக்கொண்ட அரசுக்கு அது கேட்டதைக் கொடுத்ததாகும். பீட்டர் சாச்சாவின் மனு தள்ளுபடியான பிறகும் தான்சானியா வெளியேறத்தானே செய்தது? என் பதில் இதுதான். உங்கள் பதில் வேறாக இருந்தாலும் தயாராக வைத்திருங்கள்.

கடைசியாக, அடுத்த சுற்றில் நீங்கள் அரசுத் தரப்பில் வாதாட வேண்டியிருக்கும். அப்போது ஏழு நிபந்தனைக்கும் ஏழு ஆட்சேபம் போடாதீர்கள். தீர்ந்துபோன சீராய்வு வாதத்தைத் தொடாதீர்கள். அந்த வழக்கில் உண்மையாகவே பலமாக நிற்கிற ஒன்றை, அநேகமாகத் தாமதத்தை, எடுத்துக்கொண்டு மனுதாரர் காரணம் காட்டாத இடத்தை மட்டும் வாதாடுங்கள். மீதி நேரத்தை விசாரணை நியாயமாக நடந்தது என்று காட்டச் செலவிடுங்கள்.